பி-பேஸ்: ஜி ஸ்ட்ரிங்கில் அடங்கிப்போகும் ஆறாவது ஃப்ரெட்

ஃபெண்டரின் நான்கு ஸ்ட்ரிங் எலக்ட்ரிக் பேஸ் கிட்டாரான பிரிசிஷன் பேஸை (சுருக்கமாக பி-பேஸ்) வாங்கலாமா என்று யார் கேட்டாலும், முதலில் மிகச் சன்னமான ஜி ஸ்ட்ரிங்கில் 5, 6, 7ஆம் ஃப்ரெட்களை (கழுத்துப் பகுதியான நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) வாசித்துப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். மற்றதெல்லாம் அப்புறம். 34 அங்குல ஸ்கேல் (ஸ்ட்ரிங் அதிரும் நீளம்), ஒரு பிக்கப் (அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), ஒரு வால்யூம், ஒரு டோன். இதில் புரியாமல் போக ஒன்றுமில்லை. எவ்வளவு காலம் வாசித்தாலும் மனசு சமாதானமாகாத இடம் அந்த மூன்று ஃப்ரெட்தான்.

நான்காம் ஃப்ரெட்டில் பி அடித்துப் பிடித்தால் நோட் நின்று ஒலிக்கும். அதே விசையில் ஆறாம் ஃப்ரெட்டில் சி-ஷார்ப் அடித்தால் தொடக்கம் சரியாகத்தான் வரும். உடனே அடிச்சத்தம் (நோட்டின் அடிப்படைத் தொனி) கழன்று, மேல் ஆக்டேவ் மட்டும் சன்னமாக மிஞ்சும். ஆம்பைக் கூட்டினாலும் கம்ப்ரஸர் போட்டாலும் அந்தச் சன்னமான மிச்சம்தான் பெரிதாகும். போன அடிச்சத்தம் திரும்பாது.

காரணம் நெக்கில் இருக்கிறது. நீளமான மேப்பிள் நெக், அதன் நுனியில் நான்கு கனத்த டியூனர்களோடு ஹெட்ஸ்டாக், மறுமுனையில் நான்கு திருகாணி. இந்த அமைப்புக்கென்று ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. அது பெரும்பாலும் ஜி ஸ்ட்ரிங்கின் 5ஆம் ஃப்ரெட்டுக்கும் (சுமார் 131 ஹெர்ட்ஸ்) 7ஆம் ஃப்ரெட்டுக்கும் (சுமார் 147 ஹெர்ட்ஸ்) நடுவில் வந்து விழுகிறது. ஸ்ட்ரிங் அதே வேகத்தில் அதிரும்போது அதன் சக்தி நெக்கை ஆட்டுவதிலேயே செலவாகிவிடும். சி-ஷார்ப் அடித்துவிட்டு ஹெட்ஸ்டாக்கின் நுனியை விரலால் தொட்டுப் பாருங்கள். ஸ்ட்ரிங்கில் குறைந்தது அங்கே நடுங்கிக்கொண்டிருக்கும். இதே கட்டமைப்பில் யார் செய்த பேஸிலும் இது இருக்கும், ஃபெண்டரின் இன்னொரு மாடலான ஜாஸ் பேஸிலும் உண்டு. விலை கூடினால் போய்விடும் என்று நம்பாதீர்கள். ஒவ்வொரு நெக்கின் மரமும் வேறு என்பதால் ஒன்றில் ஐந்தாம் ஃப்ரெட், இன்னொன்றில் ஏழாம் ஃப்ரெட். சிலதில் கண்டுகொள்ளவே முடியாத அளவுக்கு லேசாக இருக்கும்.

சரிபார்க்காமல் ஃப்ரெட்டை அரம் வைத்துத் தேய்க்கக் கொடுத்துவிடாதீர்கள். நான்கு ஸ்ட்ரிங்கையும் அரை ஸ்வரம் இறக்கி டியூன் செய்து மறுபடி வாசியுங்கள். அடங்கும் இடம் ஒரு ஃப்ரெட் மேலே நகர்ந்தால் அது நெக்கின் அதிர்வுதான். அதே ஃப்ரெட்டில் நின்றால் அந்த ஃப்ரெட்டையும் பக்கத்து ஃப்ரெட்டையும் பார்க்க வேண்டும். அப்போது பெரும்பாலும் ஒரு 'கிர்ர்' சத்தமும் சேர்ந்து கேட்கும். மேல் ஃப்ரெட்கள் எல்லாமே சீக்கிரம் அடங்கி, சுருதியும் ஆடினால், பிக்கப்பின் காந்தம் ஸ்ட்ரிங்கை இழுக்கிறது. கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்து, ஸ்ட்ரிங்குக்கும் பிக்கப்புக்கும் நடுவில் ஈ பக்கம் சுமார் 3 மி.மீ., ஜி பக்கம் சுமார் 2.5 மி.மீ. இடைவெளி வரும்வரை பிக்கப்பை இறக்கினால் போதும்.

நெக் பிரச்சினைக்கு முழுத் தீர்வு கிடையாது. ஹெட்ஸ்டாக்கில் துணி சுற்றி ஒரு சின்ன கிளாம்ப் மாட்டினால் எடை கூடி அடங்கும் இடம் கீழே நகரும். எடை குறைந்த டியூனர் போட்டால் மேலே நகரும். அதிகம் வாசிக்காத நோட்டுக்கு அதைத் தள்ளிவிடலாம், ஒழிக்க முடியாது. நெக் திருகாணிகளை இறுக்குவதால் கிடைப்பது சொற்பம். கார்பன் கம்பி பதித்த நெக்கில் ஓரளவு நல்ல வித்தியாசம் தெரியும். கைச்செலவில்லாத வழி, நீண்டு நிற்க வேண்டிய சி-ஷார்ப்பை டி ஸ்ட்ரிங்கின் 11ஆம் ஃப்ரெட்டில் வாசிப்பது. அந்த இடம் பாடிக்குப் பக்கம், நெக் அவ்வளவாக ஆடாது. ஆனால் டோன் கொஞ்சம் தடிக்கும், கையும் பாதி நெக் தாண்டி ஓட வேண்டும். எனக்கு அது எரிச்சல்தான்.

இவ்வளவு கோபத்துக்குப் பிறகும் இந்தப் பேஸைக் கீழே வைக்க மனசு வராததற்குக் காரணம் ஃபிளாட்வவுண்டும் (தட்டைக் கம்பி சுற்றிய வழவழப்பான ஸ்ட்ரிங்) ஒரு துண்டு ஃபோமும்.

டெட்ராய்ட்டின் சோல் இசை நிறுவனமான மோடவுனின் பதிவுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது 1962ஆம் வருஷத்து பிரிசிஷன். கனத்த லா பெல்லா ஃபிளாட்வவுண்ட், அதை லேசில் மாற்றவே மாட்டார். பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஃபோம். வலது கையில் ஆட்காட்டி விரல் ஒன்றுதான். திறந்த ஸ்ட்ரிங்கையும் கீழ் ஃப்ரெட்களையும் தாராளமாகக் கலந்து வாசித்தவர். மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் நிறுவனத்தில் டக் டன்னும் ஃபிளாட்வவுண்ட்காரர்தான். லாஸ் ஏஞ்சலிஸில் கேரல் கே பிக்கால் வாசித்து, பிரிட்ஜ் பக்கம் ஸ்ட்ரிங் மேல் ஃபெல்ட் வைத்து அடக்கினார். அந்தப் பதிவுகளில் பேஸ் நோட் இழுத்துக்கொண்டே நிற்பதில்லை. டும்மென்று விழுந்து, அடுத்த நோட்டுக்கு இடம்விட்டு அடங்கும். எல்லா நோட்டும் சீக்கிரம் அடங்கும்போது ஆறாவது ஃப்ரெட் தனியாகத் தெரிவதே இல்லை.

செய்முறையில் கவனிக்க வேண்டியது சில. ஃபோம் ஸ்ட்ரிங்குக்கும் பாடிக்கும் நடுவில், பிரிட்ஜை ஒட்டி உட்கார வேண்டும். நான்கு ஸ்ட்ரிங்கையும் அடியிலிருந்து லேசாகத் தொட்டால் போதும். தடிமனாக வைத்தால் ஸ்ட்ரிங் மேலே தள்ளப்பட்டு சுருதி ஏறும், நோட் வெறும் 'டொக்' ஆகிவிடும். பாத்திரம் தேய்க்கும் கடினமான வகை வேண்டாம். விரலால் அழுத்தினால் எளிதாக அமுங்கும் மெத்து வகை நல்லது. கனத்த ஃபிளாட்வவுண்டின் இழுவிசை அதிகம் என்பதால் நெக் முன்னால் வளையும். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்தால், 7-8ஆம் ஃப்ரெட் அருகே ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் சுமார் 0.3 மி.மீ. இடைவெளி இருக்கும்படி ட்ரஸ் ராடை (நெக்குக்குள் ஓடும் உலோகக் கம்பி) திருப்ப வேண்டும், ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது. பழைய பாணி நெக்கில் அந்த ராடைத் திருப்பும் நட் பாடிக்குள் புதைந்திருக்கும். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி நெக்கைக் கழற்ற வேண்டும். ஹெட்ஸ்டாக் பக்கம் திருப்பும் வகை கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கள்.

1957இல் வந்த இரண்டாகப் பிளந்த பிக்கப்பைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இரண்டு பாதியும் எதிரெதிராகச் சுற்றப்பட்டு, காந்தமும் எதிர்த்திசையில் இருப்பதால் மின் இரைச்சல் வராது. டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்து முழங்கும்போதும் அதன் நடு ஒலி அடிபடாமல் கேட்கும். அயர்ன் மெய்டன் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் அதே ஃபிளாட்வவுண்டைப் போட்டுக்கொண்டு ஹெவி மெட்டலில் குதிரை ஓட்டம் ஓடுவதைக் கேட்டால், இந்தப் பிக்கப்புக்கு வாசிப்பவரின் விரல்தான் டோன் என்பது விளங்கும்.

இத்தனை பிடித்தும் என் தீர்ப்பு பொதுப்பரிந்துரை இல்லை. ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய ஸ்ட்ரிங்) போட்டு, டோனை முழுதாகத் திறந்து, நடு நெக்கில் மெதுவான மெல்லிசைக்கு நீண்ட நோட் பிடிப்பதுதான் உங்கள் வேலை என்றால் இதை வாங்காதீர்கள். கார்பன் கம்பி போட்ட நெக்கோ, நெக் பாடிக்குள் ஊடுருவி வரும் பேஸோ பாருங்கள். வாங்கியே தீருவேன் என்றால் ஆன்லைனில் படம் பார்த்து எடுக்காமல், ஒரே மாடலில் மூன்று நான்கை வரிசையாக வைத்து, ஆம்ப் இல்லாமல் ஜி ஸ்ட்ரிங்கை மட்டும் ஃப்ரெட் ஃப்ரெட்டாக வாசித்து, அடங்குவது எதில் குறைவோ அதை எடுங்கள். நிறத்தைப் பார்க்காதீர்கள்.