640 வெள்ளிப் பிரெஞ்சு வகுப்பும் எதிர்வீட்டு அம்மையாரும்

சிங்கப்பூரின் சிராங்கூன் வட்டாரத்தில் நாங்கள் வாழும் கூட்டுரிமைக் குடியிருப்பில் பிரெஞ்சு அரிதான ஒலியன்று. ஆங் மோ கியோவில் உள்ள பிரெஞ்சுப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்தவர்கள் இந்தப் பக்கத்திலேயே வீடு பார்ப்பதால், மின்தூக்கியில் ஏறினால் வாரத்தில் நான்கு நாளாவது அம்மொழி காதில் விழும். காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது அங்கே பிறந்து, பிரெஞ்சில் எழுதப்பட்ட தம் பிறப்புப் பதிவைக் கடைசிவரை இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தவர் என் தந்தை. அவருடைய மகனாகிய எனக்கு எதிர்வீட்டாருக்கு அவர்கள் மொழியில் ஒரு வணக்கம் சொல்லத் தெரியாதது உறுத்தலாகவே இருந்தது. அதனால் சென்ற ஆண்டு நகரின் நடுவே உள்ள ஒரு தனியார் மொழிப்பள்ளியில் தொடக்கநிலை மாலை வகுப்பில் சேர்ந்தேன். வாரம் ஒரு நாள், மூன்று மணி நேரம், பத்து வாரங்கள். பாடநூலுடன் கட்டணம் 640 வெள்ளி.

முதலில் நிறையைச் சொல்லிவிடுகிறேன். ‘போன்ஜூர்’ சொல்லாமல் எந்தப் பேச்சையும் தொடங்கக்கூடாது, கடையில் விலை கேட்பதானாலும் முதலில் அதைச் சொல்லியாக வேண்டும் என்று ஆசிரியர் முதல் நாளே கண்டிப்பாகக் கற்றுத் தந்தார். அதுவரை என் தலையசைப்புக்குத் தலையசைப்பையே பதிலாகத் தந்துவந்த எதிர்வீட்டு அம்மையார், மறுநாள் காலை நான் அந்த ஒரு சொல்லைச் சொன்னதும் நின்று பேசினார். ‘வூ’, ‘த்யூ’ என்ற இரண்டு முன்னிலைச் சொற்களைக் கண்டு ஆங்கிலம் மட்டுமே அறிந்த வகுப்புத் தோழர்கள் திணறியபோது, நமக்கு அது ‘நீங்கள்’, ‘நீ’ என்று உடனே விளங்கிவிடுகிறது. பலரைக் குறிக்கும் சொல்லே ஒருவருக்கான மரியாதைச் சொல்லாகவும் வருவதுகூட அப்படியே நம் வழக்கம்தான். ஒருவரை ஒருமையில் அழைத்துப் பேசுவதற்கென்றே ‘த்யூத்வாயே’ என்று தனி வினைச்சொல் வைத்திருக்கிறார்கள். இரண்டு மாதம் கழித்து அம்மையார் அந்தச் சொல்லைச் சொல்லி, இனி ‘த்யூ’ போதும் என்றார். என்னைவிட மூத்தவரை ‘நீ’ என்று அழைக்க எனக்கு இன்னும் நா எழவில்லை.

மற்றொரு பாடமும் நேரடியாகக் கைகொடுத்தது. சிங்கப்பூரில் தரைத்தளமே 1ஆம் தளம். பிரெஞ்சுக்காரர் கணக்கிலோ, நம் ஊரைப் போலவே, அதற்கு மேலே இருப்பதுதான் முதல் மாடி. அம்மையாரைப் பார்க்க வந்திருந்த அவருடைய தாயார், மகளின் வீடு எட்டாம் மாடியில் என்று கணக்கிட்டு 8ஆம் பொத்தானை அழுத்தி வேறொருவர் வாசலில் காத்திருந்தார். தரைத்தளத்தைக் குறிக்கும் ‘ரே த ஷோசே’ என்ற பாடநூல் சொல்லைக் கொண்டு விளக்கி அவரை 9ஆம் தளத்துக்கு அழைத்துச் சென்றபோது, கட்டணத்தில் பாதி திரும்பி வந்ததாகத் தோன்றியது.

குறை எண்களில் தொடங்கியது. 70க்கு மேற்பட்ட எண்களை ஆறாம் வாரத்தின் கடைசிக் கால்மணி நேரத்தில் அவசரமாக ஒப்பித்து முடித்தார்கள். பிரான்சில் 80 என்பது ‘நான்கு இருபது’, 91 என்பது ‘நான்கு இருபது பதினொன்று’. தொலைபேசி எண்ணை அவர்கள் இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வார்கள். சிங்கப்பூர்க் கைப்பேசி எண்களோ 8, 9 ஆகிய இலக்கங்களில் தொடங்குபவை. ஆகவே இவ்வூரில் எந்தக் கைப்பேசி எண்ணைச் சொன்னாலும் அது ‘நான்கு இருபது’ என்றுதான் தொடங்கும் என்பதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். தமக்கு வரும் பொட்டலத்தை வாங்கி வைக்கச் சொல்லி அம்மையார் எண்ணைக் கொடுத்தபோது, நான் 4, 20, 11 என்று எழுதிக்கொண்டே போனேன். தாளில் பதினோரு இலக்கங்கள் சேர்ந்துவிட்டன.

பெருங்குறை பேச்சுப் பயிற்சியின்மை. வகுப்பில் பதினான்கு பேர் இருந்தோம். ஒரு மாலை கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிட்டதில், மூன்று மணி நேரத்தில் நான் வாய் திறந்தது ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. அலுவலகத்தில் கேட்டபோது, உரையாடல் வகுப்பு தனி, கட்டணமும் தனி என்றார்கள். இலக்கண அடித்தளம் மட்டும் வேண்டுவோர் தயங்காமல் சேரலாம். பேச விரும்புவோர் பணம் கட்டுமுன் வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் எழுத்து வழக்கு வேறு, பேச்சு வழக்கு வேறு என்பதைத் தமிழருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ‘எனக்குத் தெரியாது’ என்பதற்குப் பாடநூலில் உள்ளபடி ‘ஜ ந ஸே பா’ என்று நான் திருத்தமாகச் சொன்னபோது அம்மையார் ஏன் புன்னகைத்தார் என்பது அப்போது புரியவில்லை. சில வாரங்கள் கழித்து அவர் ஏதோவொரு செயலியில் தமிழ் படித்துவிட்டு, ஜொகூரிலிருந்து வேலைக்கு வரும் எங்கள் காவலரிடம், “நீங்கள் எவ்வாறு இருக்கிறீர்கள்?” என்று கேட்டார். காவலர் எழுந்து நின்றுவிட்டார். “எப்படி இருக்கீங்க” என்று சொன்னால் போதும் என அம்மையாருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அன்று மாலை மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது அவர் எனக்கு ‘ஷே பா’ என்று சொல்லக் கற்றுத் தந்தார்.