சூளை முன்பணம்: 1992 சட்டமா, ஷரியத்தா?

பாகிஸ்தான் பஞ்சாபின் செங்கல் சூளைகளில் தரும் முன்பணத்துக்குப் பேர் 'பேஷ்கி'. அது அடையும்வரை குடும்பமே சூளையை விட்டு நகர முடியாது. இதை எதிர்க்க நாட்டின் சட்டத்தைப் பிடிப்பதா, ஷரியத் என்ற இஸ்லாமிய நெறியைப் பிடிப்பதா என்று குழம்புபவர்களுக்கு:

கடன்:
சட்டம் – 1992 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி பேஷ்கியைத் திருப்பவே வேண்டாம்.
ஷரியத் – சிரமப்படுபவருக்கு அவகாசம் கொடு என்கிறது குர்ஆன் (2:280). தள்ளுபடி செய்வது இன்னும் நல்லது, ஆனால் கட்டாயமில்லை.

தண்டனை:
சட்டம் – 2 முதல் 5 ஆண்டு சிறை, அல்லது குறைந்தது 50,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.
ஷரியத் – சுதந்திர மனிதனை விற்றவனுக்கும், வேலை வாங்கிவிட்டுக் கூலி தராதவனுக்கும் மறுமையில் இறைவனே எதிராளி என்கிறது ஹதீஸ் (நபிமொழி).

சரி, மீட்ட மறுநாள் சோறு? இங்கே ஷரியத் முந்துகிறது. ஜகாத் (வசதியுள்ள முஸ்லிம்களின் கட்டாய தர்மம்) பெறும் எட்டு வகையினரில் அடிமைத்தளையில் கிடப்பவரும் கடனாளியும் உண்டு (9:60).

இந்த 1992 சட்டமே இஸ்லாத்துக்கு முரண் என்று சூளை முதலாளிகள் ஃபெடரல் ஷரியத் நீதிமன்றம் வரை போனார்கள். தோற்றார்கள்!

ஆளை வெளியே கொண்டுவரச் சட்டம். ஜும்ஆ பயானில் (வெள்ளித் தொழுகை உரையில்) முதலாளி காதில் உறைக்க ஹதீஸ்.