வால்வு ஏன் கருகுகிறது என்று முதலில் கேட்ட பட்டறை

எங்கள் படகு ஓடுவது அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலுள்ள லேக் ஆஃப் தி ஓசார்க்ஸ் ஏரியில். அதில் இருப்பது 502 கன அங்குல, அதாவது 8.2 லிட்டர், செவர்லே பிக் பிளாக் வி8 எஞ்சின். அதன் 7ஆம் சிலிண்டரில், எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு மட்டும் திரும்பத் திரும்பக் கருகிக்கொண்டிருந்தது. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒவ்வொரு முறையும் வால்வையும், அதன் தண்டு ஏறி இறங்கும் குழலான கைடையும் மாற்றிக் கொடுத்தார்களே தவிர, காரணத்தைத் தேடவில்லை. ஏரிக்கரையிலுள்ள இந்தச் சிறிய பட்டறை அந்தத் தேடலிலிருந்துதான் வேலையையே தொடங்கியது.

வால்வுகள் இருக்கும் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றும் முன்பே, சிலிண்டரில் காற்று எங்கே கசிகிறது என்று காட்டும் லீக்டவுன் சோதனையைச் செய்தார்கள். பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளை வழியே அழுத்தக் காற்றைச் செலுத்தியபோது, எக்ஸாஸ்ட் பக்கம் காற்று சீறுவது தெளிவாகக் கேட்டது. எரிபொருள் கலவை உள்ளே வரும் கார்புரேட்டர் பக்கம் ஓசையே இல்லை. இந்த எஞ்சின் எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. அருகருகே இருக்கும் 5உம் 7உம் அடுத்தடுத்து எரிவதால் 7இல் சூடு ஏறும் என்பது மெக்கானிக்குகள் வழக்கமாகச் சொல்லும் விளக்கம். அதோடு விட்டுவிடாமல், பிளக்கின் நிறத்தைப் பார்த்து எரிபொருள் கலவை சரியென்று உறுதி செய்தார்கள். அலையில் ப்ரொப்பெல்லர் நீரைவிட்டு எழும்போது எஞ்சின் வேகம் எகிறி வால்வுகள் சரியாக மூடாமல் போயிருக்குமோ என்ற ஐயத்தில் வால்வு ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தையும் அளந்தார்கள். அதிலும் குறையில்லை.

உண்மையான காரணம் வால்வின் தண்டில் தெரிந்தது: செம்பழுப்புத் துருப்படலம், வால்வு மூடும்போது படியும் வளையமான சீட்டில் குண்டூசி முனையளவு குழிகள். இத்தகைய படகுகளில் எக்ஸாஸ்ட் குழாயைக் குளிர்விக்க ஏரி நீரையே அதனுள் கலந்து வெளியேற்றுவார்கள். வால்வுகளைத் திறக்கும் சுழல்தண்டு கேம்ஷாஃப்ட். முந்தைய உரிமையாளர் போட்டிருந்த கேம்ஷாஃப்டில், கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம் அதிகம் என்பதால், ஐடிலில், அதாவது வேகம் கொடுக்காமல், ஓடும்போது எக்ஸாஸ்ட் புகை பின்னோக்கி இழுக்கப்பட்டு, நீர்த்திவலைகளையும் சிலிண்டருக்குள் கொண்டுவந்துவிடுகிறது. குழாயின் உலர்ந்திருக்க வேண்டிய பகுதியில் சுண்ணத்தைப் பூசி, எஞ்சினைச் சிறிது நேரம் ஐடிலில் ஓடவிட்டுக் காட்டினார்கள். சுண்ணம் கோடுகோடாகக் கரைந்திருந்தது. எக்ஸாஸ்ட் வால்வின் வெப்பத்தில் பெரும்பகுதி சீட் வழியாகத்தான் ஹெட்டுக்கு இறங்க வேண்டும். துரு அரித்த சீட்டில் வால்வு சரியாகப் படியாததால் வெப்பம் இறங்க வழியின்றி விளிம்பு கருகியது. மற்ற சிலிண்டர்களிலும் துரு இருக்கத்தான் செய்தது. 7இல் கூடுதல் சூடும் சேர்ந்ததால் அது முந்திக்கொண்டது.

இன்கோனல் வால்வு போட்டால் போதாதா என்று கேட்டேன். நிக்கலும் குரோமியமும் கலந்த அந்த உலோகம் சூட்டையும் அரிப்பையும் நன்றாகத் தாங்கும். ஆனால் நீர் வருவதை நிறுத்தாவிட்டால் அதுவும் நாளைத் தள்ளிப்போடுமே தவிரத் தீர்வாகாது என்றார்கள். விலையுயர்ந்த பொருளை விற்கும் வாய்ப்பு கையில் இருக்கும்போது இப்படிச் சொல்ல நேர்மை வேண்டும். கடைசியில் இன்கோனல் வால்வுகளோடு, இரு வால்வுகளும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம் குறையும்படி, அவற்றைத் தள்ளும் மேடுகளின் (லோப்) இடைவெளி 108 பாகையிலிருந்து 114 ஆன கேம்ஷாஃப்டையும், நீர் கலக்கும் இடத்தை உயர்த்தும் ரைசர்களையும் பொருத்தினார்கள்.

குறைகளும் உண்டு. வேலை மெதுவாக நடக்கிறது. கோடைக்காலத்தில் படகை ஒப்படைத்தால் அந்தப் பருவத்தின் பெரும்பகுதி கரையிலேயே கழியும். கூலியும் அதிகம். புதிய கேம்ஷாஃப்டால் உச்ச வேகம் சற்றுக் குறைந்திருக்கிறது என்பதையும் மறைக்க மாட்டேன். ஆனால் பருவம் முடிந்து மீண்டும் செய்த லீக்டவுன் சோதனையில் 7ஆம் சிலிண்டர் பக்கத்துச் சிலிண்டர்களுக்கு இணையாகக் காற்றைப் பிடித்து நின்றது.