'என்சைம் கிளீனர்' என்ற பெயரில் மெம்பிரேனுக்குள் குளோரின்: ஆர்ஓ பிளாண்ட் வைத்திருப்பவர்கள் உஷார்

உப்பை வடிகட்டும் மெம்பிரேனில் (சவ்வில்) பாக்டீரியா படிந்து அடைத்துக்கொள்கிற பயோஃபவுலிங், எங்கள் ஆர்ஓ பிளாண்டில் பழைய தலைவலி. தண்ணீர் முதலில் நுழைகிற முதல் ஸ்டேஜில் பிரஷர் டிராப் (உள்ளே போகிற, வெளியே வருகிற பிரஷரின் வித்தியாசம்) ஏறிக்கொண்டே போகும். கார்ட்ரிஜ் ஃபில்டரைக் கழற்றினால் கொழகொழவென்று கையில் ஒட்டும், வாடை வேறு. உப்புப் படிவு என்றால் கடைசி ஸ்டேஜில்தான் முதலில் தெரியும். முன்பக்கம் இப்படி அடைத்துக்கொண்டால் பெரும்பாலும் பாக்டீரியாவின் வேலைதான். அந்த நேரம் பார்த்து ஒரு சர்வீஸ் கான்ட்ராக்டர் வந்தார். "காஸ்டிக் கிளீனிங்கெல்லாம் பழைய கதை சார். எங்ககிட்ட என்சைம் கிளீனர் இருக்கு, குளோரின் மாதிரி எதுவும் கிடையாது, ஒரே ராத்திரியில முடிச்சிடலாம்" என்றார்.

வந்து இறங்கிய கேன்களில் லேபிள் இல்லை. எம்எஸ்டிஎஸ் (ரசாயனத்தில் என்ன இருக்கிறது, என்ன ஆபத்து என்று சொல்லும் தாள்) கேட்டால், நாளைக்கு மெயிலில் வரும் என்றார்கள். ஆபரேட்டர் மூடியைத் திறந்ததுமே, "சார், பிளீச்சிங் வாடை அடிக்குதே" என்றார்.

அதற்குக் கான்ட்ராக்டரின் ஆள் செய்து காட்டிய வித்தைதான் இந்தப் பதிவுக்கே காரணம். கிளீனிங் கரைசல் கலந்து வைக்கும் சிஐபி டேங்கிலிருந்து கொஞ்சம் எடுத்து, குளோரின் இருந்தால் பிங்க் ஆகும் டிபிடி மாத்திரையைப் போட்டார். ஒரு நொடி பிங்க் நிறம் மின்னியது, உடனே வெளுத்துப் போனது. "பாத்தீங்களா, கலரே நிக்கல. குளோரின் இல்லை" என்றார். குளோரின் மிக அதிகமாக இருந்தாலும் டிபிடி இப்படித்தான் நடந்துகொள்ளும்: வந்த நிறத்தையே அந்தக் குளோரின் வெளுத்துவிடும். நன்றாகத் தண்ணீர் விட்டுக் கரைத்துச் சோதித்தால்தான் பிங்க் நிற்கும். அந்த ஆளுக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை.

மறுநாள் காலை எல்லோருக்கும் சந்தோஷம். பிரஷர் டிராப் இறங்கியிருந்தது, உற்பத்தி புது மெம்பிரேனில் வந்ததைவிடவே கூடியிருந்தது. கலர் கலராக கிராஃப் போட்ட ரிப்போர்ட்டோடு பில்லும் வந்து, பணமும் போய்விட்டது. ஆனால் அழுக்கு போனால் ஓட்டம் பழைய அளவுக்குத்தான் திரும்ப வேண்டும். வெப்பநிலை, பிரஷர் எல்லாவற்றையும் சரிக்கட்டிப் பார்த்த பிறகும் புது மெம்பிரேனைத் தாண்டுகிறது என்றால், உப்பைத் தடுக்கிற பாலியமைடு படலமே கெட்டுவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். அந்தப் படலத்துக்குக் குளோரின் ஆகவே ஆகாது. வழக்கமான ஓட்டத்தில் 0.1 பிபிஎம்முக்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள். 200 முதல் 1000 பிபிஎம்-மணிக்குள்ளேயே (1 பிபிஎம் குளோரினில் ஒரு மணி நேரம் இருந்தால் 1 பிபிஎம்-மணி) சேதம் தொடங்கலாம். கெட்டியான பிளீச்சில் ராத்திரி முழுக்க ஊற வைத்தால் என்ன மிஞ்சும்?

அடுத்த சில வாரங்களில் பெர்மியேட் டிடிஎஸ் (வடிகட்டி வரும் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) ஏற ஆரம்பித்தது. கேட்டதற்கு, "மெம்பிரேனுக்கு வயசாச்சு சார், உங்க எஸ்எம்பிஎஸ் பம்ப் எப்பவாவது நின்னிருக்கும்" என்று பழியை எங்கள் பக்கம் திருப்பினார்கள். மெம்பிரேனுக்கு முன்னால் தண்ணீரிலுள்ள குளோரினை நீக்க விடுகிற ரசாயனம்தான் எஸ்எம்பிஎஸ். குளோரின் மிஞ்சியிருந்தால் காட்டிக்கொடுக்கும் ஓஆர்பி மீட்டரின் பதிவுகளை எடுத்துக் காட்டினோம், அப்புறம் போனையே எடுக்கவில்லை. நல்லவேளை, ஒரு கேனின் அடியில் கொஞ்சம் மீதி இருந்தது. அதை ஆயிரம் மடங்கு கரைத்து டிபிடி போட்டால், பளிச்சென்று பிங்க் நின்றது. முன்பக்க மெம்பிரேன் ஒன்றை அறுத்து லேபில் கொடுத்தோம், குளோரின் தாக்கியதைக் காட்டும் ஃபுஜிவாரா டெஸ்ட்டும் பாசிட்டிவ். ஆக்சிடேஷனுக்கு (குளோரின் மாதிரியானவற்றால் வரும் சேதத்துக்கு) வாரண்டி கிடையாது என்று தயாரிப்பாளர் கையை விரித்துவிட்டார். இத்தனைக்கும் கொழகொழப்பு திரும்பி வந்துவிட்டது. செத்த பாக்டீரியாவை வெளியே தள்ளாமல் விட்டால், அடுத்து வருகிற பாக்டீரியாவுக்கு அதுதானே சாப்பாடு.

ஒழுங்காகச் செய்கிறவர் முதலில் காரக் கிளீனிங்தான் செய்வார்: பிஎச் 11-12, கூடவே உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்கிற ஈடிடிஏ மாதிரி ஒன்று, தயாரிப்பாளர் அனுமதிக்கும் சூட்டில் கொஞ்ச நேரம் சுற்றவிட்டு, ஊறவைத்து, மறுபடி சுற்றவிடுவார். ஆசிட் அதற்குப் பிறகுதான். முதலிலேயே விட்டால் பயோஃபிலிம் இறுகிப்போய் எடுப்பது இன்னும் கஷ்டம். கிருமிநாசினி வேண்டுமென்றால் டிபிஎன்பிஏ இருக்கிறது. அதை எஸ்எம்பிஎஸ் தின்றுவிடும் என்பதால், டோஸ் போடும்போது எஸ்எம்பிஎஸ்ஸை நிறுத்தச் சொல்வார். குடிநீர் பிளாண்ட் என்றால் உற்பத்தியை நிறுத்திவிட்டுத்தான் போடுவார், நன்றாக ஃப்ளஷ் செய்யாமல் திரும்ப ஓடவிட மாட்டார்.

இப்போது யாராவது கிளீனிங்குக்கு வந்து நிற்கிறார்கள் என்றால், வேலைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வெசலிலும் (மெம்பிரேன்கள் இருக்கும் குழாய்) தனித்தனியாக டிடிஎஸ் எடுத்து இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஒவ்வொரு கேனிலிருந்தும் ஒரு பாட்டில் சாம்பிள் எடுத்து சீல் வையுங்கள். டிபிடி சோதனையை உங்கள் ஆளே, கரைத்துச் செய்யட்டும். பில் பணத்தில் ஒரு பகுதியை டிடிஎஸ் நிலையாக நிற்கும்வரை கொடுக்காதீர்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற ஆளை கேட்டோடு அனுப்பிவிடுங்கள்.