யூபைக்: தைபே வளாக வாழ்க்கையில் நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

தேசியத் தைவான் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவனாகச் சேர்ந்த காலத்திலிருந்து, சொந்தமாக மிதிவண்டி வாங்காமல் யூபைக் என்னும் பொது வாடகை மிதிவண்டியையே நம்பி வருகிறேன். 2009-இல் ஜயண்ட் என்னும் தைவான் மிதிவண்டி நிறுவனத்தைக் கொண்டு தைபே நகர அரசு சோதனை முறையில் தொடங்கிய திட்டம் இது. இதன் இரண்டாம் தலைமுறை வண்டிகள் 2020 ஜனவரியில் முதலில் வெள்ளோட்டம் விடப்பட்டது எங்கள் கோங்குவான் வளாகத்தை ஒட்டித்தான்.

அந்த இரண்டாம் தலைமுறை வந்த பிறகே வளாகத்துக்குள் இதற்குப் பயன் கூடியது என்பேன். வண்டியை எடுக்க நாம் காட்டும் அட்டையைப் படிக்கும் கருவியும் அதற்கு மின்சாரம் தரும் சூரியத் தகடும் வண்டியிலேயே இருப்பதால், நிறுத்துமிடத்துக்கு மின்கம்பி இழுக்க வேண்டியதில்லை. ஆகவே விடுதி வாசல், நூலக ஓரம், துறைக் கட்டடத்தின் பக்கச் சந்து என்று சிறு சிறு இடங்களிலும் நிலையம் அமைக்க முடிந்தது. மாணவர்களை மிதிவண்டிக்கு வரவழைப்பது விழிப்புணர்வுச் சுவரொட்டி அன்று, அறையிலிருந்து நிலையத்துக்கு உள்ள தூரமே என்பது என் உறுதியான கருத்து.

கட்டணமும் பாரமாக இல்லை. நான் சேர்ந்தபோது முதல் அரை மணிக்கு 5 தைவான் டாலர் இருந்தது. 2024 பிப்ரவரி முதல் தைபேயில் அந்த அரை மணி இலவசம். சாங்சிங் தெரு விடுதியிலிருந்து கோங்குவான் மெட்ரோ நிலையத்துக்கு நிதானமாக மிதித்தாலும் அந்த நேரத்தில் பாதிகூட ஆவதில்லை. மறுபுறம், சொந்த வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் காற்றடிப்பது, பூட்டுவது, ஊருக்குப் போகும்போது யாரிடம் ஒப்படைப்பது என்று ஓயாமல் கவலைப்படுகிறார்கள். படிப்பை முடித்தவர்கள் விட்டுச் சென்ற வண்டிகள் துருப்பிடித்து நிறுத்துமிடங்களை அடைத்துக்கொண்டிருப்பதை இங்கு யாரும் காணலாம்.

வண்டியை எடுக்குமுன் இருக்கையைப் பார்க்க வேண்டும். இருக்கை பின்னோக்கித் திருப்பப்பட்டிருந்தால் அந்த வண்டியில் கோளாறு என்று பொருள். முன்பு ஓட்டியவர் அடுத்து வருபவருக்காக அவ்வாறு திருப்பிவைப்பது இங்குள்ள வழக்கம். யாரும் கட்டளையிடாமல் வளர்ந்த இந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்தது. இருக்கைத் தண்டில் எண்கள் பொறித்திருப்பதால், நமக்குரிய எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் உயரத்தைத் தடவித் தேட வேண்டியதில்லை. மூன்று கியர்களும் முன்கூடையும் உண்டு; மடிக்கணினிப் பையும் காய்கறியும் கூடையில் சேர்ந்தே அடங்கும்.

ஒரு நிலையத்தில் வண்டியை எடுத்து இன்னொரு நிலையத்தில் விடும் எந்தத் திட்டத்துக்கும் உள்ள இடர்ப்பாடு இதற்கும் உண்டு. காலை 8:10 வகுப்பை ஒட்டி விடுதிப் பக்கம் வண்டி கிடைப்பதும், வகுப்பறைப் பக்கம் நிறுத்த இடம் கிடைப்பதும் அரிது. புறப்படுமுன் செயலியில் காலியிடத்தைப் பார்த்துவிட்டு, ஒரு நிலையம் முன்னதாகவே விட்டுவிட்டு நடப்பது நல்லது. மழைக்காலத்தில் கையில் குடை பிடித்து ஓட்டுவதைவிட மழையங்கி ஒன்று வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

புதிதாக வருபவர்கள் பலர் தயங்குவது பதிவு செய்யும் கட்டத்தில்தான். எங்கள் மாணவர் அடையாள அட்டையே ஈஸிகார்டாகவும் (மெட்ரோ, பேருந்துக் கட்டணம் செலுத்தும் முன்பண அட்டை) பயன்படுவதால், உள்ளூர்க் கைபேசி எண் கிடைத்ததும் அந்த அட்டையை யூபைக் கணக்கில் இணைத்தால் போதும். சேர்க்கை வாரத்தில் ஆய்வகத்து மூத்த மாணவர் ஒருவர் பக்கத்தில் இருந்து இதைச் செய்து கொடுத்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.