புதிது என்று சொல்லி விற்ற இரண்டாவது ஹார்ட் டிஸ்க்: ரிச்சி தெருவில் நான் இழந்த 10,900 ரூபாய்

நேற்று மாலை நான்காவது முறையாக அந்தக் கடையின் படியிலிருந்து வெறுங்கையோடு இறங்கி வந்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் ‘போகட்டும், பத்தாயிரத்துத் தொள்ளாயிரம்தானே’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு படுத்துவிடுவேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பினால் இருபுறமும் நெருக்கியடித்து நிற்கும், உதிரி பாகத்தை விற்று அங்கேயே மாட்டியும் கொடுக்கும் சிறிய கணினிக் கடைகளில் அதுவும் ஒன்று.

திருவல்லிக்கேணியில் வீட்டிலேயே டிடிபி வேலை செய்கிறேன்: திருமணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், சிறு பதிப்பகங்களுக்குப் புத்தக வடிவமைப்பு. கணினியில் இருந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க் நிறைந்து, இடம் காட்டும் பட்டை சிவப்பாகிப் பல மாதம் ஆகிவிட்டது. பழையதை எடுக்காமல் பக்கத்திலேயே 4 டிபி டிஸ்க் ஒன்றை மாட்டிக்கொள்ளலாம் என்று, சிபியுவைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை பிற்பகலில் ஆட்டோவில் போனேன்.

நான் ஏமாந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கடைக்காரர் நாற்பது வயதுக்காரர், மிகவும் பதமாகப் பேசுகிறவர். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். கேபினெட்டின் பக்கத் தகட்டைத் தானே கழற்றி, உள்ளே படிந்திருந்த தூசியை பிரஷ்ஷால் தட்டிவிட்டு, “நல்லா வெச்சிருக்கீங்க சார்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. டிஸ்க் வந்த வெள்ளி நிற உறை ஏற்கெனவே பிரிந்திருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, “டெஸ்ட் பண்ணித்தான் சார் கஸ்டமருக்குக் கொடுப்போம்” என்றார். அதைக் கடையின் நேர்மை என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது பில். டிஸ்க் 9,800, கேபிள் 350, கூலி 750, ஆக மொத்தம் 10,900 ரூபாய். ஜிஎஸ்டி பில் போட்டால் இன்னும் பதினெட்டு சதவீதம் ஏறும் என்றும், எஸ்டிமேட் சீட்டே போதும் என்றும், “வாரண்டிக்கு நான் இருக்கேன்ல சார்” என்றும் சொன்னார். அச்சிட்ட எம்ஆர்பி என்பதே எல்லா வரியும் சேர்ந்த விலைதான் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் மிச்சப்படுத்துகிற ஆசையில் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு நான்தான் பொறுப்பு, அதை மறைக்கவில்லை. சீட்டில் கடைப் பெயர் இல்லை, தேதி இல்லை, டிஸ்கின் சீரியல் எண்ணும் இல்லை. மூன்று தொகைகளும் கீழே ஒரு கோடும் மட்டுமே இருந்தன.

மாட்டி முடித்ததும் கடைப் பையன் டிஸ்கைத் திரையில் காட்டினான். 4 டிபி என்று வாங்கியது 2048 ஜிபி என்று தெரிந்தது. அதன் பக்கத்தில் 1678 ஜிபி அளவுக்குக் கறுப்புப் பட்டையோடு ஒரு பகுதி யாருக்கும் ஒதுக்கப்படாமல் கிடந்தது. கேட்டபோது, “கம்பெனி ஆயிரத்தால கணக்கு போடும், விண்டோஸ் ஆயிரத்து இருபத்து நாலால போடும், அதான் சார் குறையுது” என்று கடைக்காரர் விளக்கினார். இதில் பாதி உண்மை இருப்பதுதான் சாமர்த்தியம். அந்தக் கணக்கின்படி 4 டிபி டிஸ்க் விண்டோஸில் 3.63 டிபி என்றுதான் தெரிய வேண்டும். 2048 ஜிபியில், அதாவது 2 டிபியில், நின்றதற்குக் காரணம், டிஸ்கில் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் இரண்டு முறைகளில், பையன் அதைப் புதிய ஜிபிடி முறையில் தொடங்காமல் பழைய எம்பிஆர் முறையில் தொடங்கியது. எம்பிஆர் 2 டிபிக்கு மேல் எட்டாது. பிறகு, பழைய டிஸ்கில் இடம் காலியாகட்டும் என்று 2012 முதல் 2018 வரையிலான என் வேலைகள் இருந்த 180 ஜிபி ஃபோல்டரை அவனே புதிய டிஸ்குக்கு மாற்றினான். நகல் எடுக்கவில்லை, நகர்த்திவிட்டான். அரை மணி நேரத்துக்கு மேல் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டிருக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் இரவு கேபினெட்டுக்குள்ளிருந்து டக், டக் என்று சுவர்க் கடிகாரத்தைப் போல ஒரு சத்தம் கேட்டது. டிஸ்க் திரையிலிருந்து மறைந்தது, திரும்பி வந்தது, மீண்டும் மறைந்தது. மாடி வீட்டுப் பையன் பொறியியல் படிக்கிறவன், கூப்பிட்டதும் வந்தான். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு ஒரு வரியைத் தொட்டுக் காட்டி, “மாமா, இது எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு பாருங்க” என்றான். 31,412 மணி நேரம். மூன்றரை ஆண்டுக்கும் மேலாக, இரவு பகல் ஓயாமல் எங்கோ ஓடிய டிஸ்க். பழுதான செக்டர்களுக்கு, அதாவது தரவு பதியும் சிறு கூறுகளுக்கு, மாற்று ஒதுக்கிய எண்ணிக்கையிலும் மஞ்சள் எச்சரிக்கை இருந்தது. பழைய டிஸ்குகளில் இந்த மணிக்கணக்கை அழித்துவிட்டுப் புதியதாக விற்ற கதை 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் வெளிவந்தது. நம் கடைக்காரர் அந்தச் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

டிஸ்கை வெளியே எடுத்தபோது மற்றவையும் தெரிந்தன. நான்கு ஸ்க்ரூ போட வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. காலியாக இருந்த துளைகளைச் சுற்றி முன்பு யாரோ முடுக்கிய வட்டத் தழும்புகள் இருந்தன. லேபிளில் தயாரிப்பு ஆண்டு 2019 என்று அச்சிட்டிருந்தது. கடையில் அதைத் திருப்பிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. 350 ரூபாய் கேபிளின் கதை தனி. பழைய நான்கு முள் இணைப்பிலிருந்து, இப்போதைய டிஸ்குகளுக்கான சாட்டா இணைப்புக்கு மின்சாரம் எடுக்கும் மலிவான கன்வர்ட்டர் ஒன்றை மாட்டியிருந்தார்கள்; கணினிக்கு மின்சாரம் தரும் என் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலோ பயன்படாத சாட்டா பவர் இணைப்பு ஒன்று டை போட்டுக் கட்டியபடி கேபினெட்டின் பின்புறம் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

முதல் முறை போனபோது, “கரண்ட் ஏறி இறங்கியிருக்கும் சார், யூபிஎஸ் இருக்கா?” என்றார். இருக்கிறது என்றதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். இரண்டாம் முறை ‘ஓனர் வெளியே போயிருக்கிறார்’ என்று பையன் சொன்னான். ஓனரின் குரல் பரண் மேலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் முறை, “வெச்சிட்டுப் போங்க, கம்பெனிக்கு அனுப்பி பதினஞ்சு நாள்ல மாத்தித் தரேன்” என்றார். எழுதிக் கொடுங்கள் என்றேன். கொடுக்கவில்லை, அதனால் நானும் டிஸ்கை வைக்கவில்லை. வீட்டுக்கு வந்து தயாரிப்பாளரின் தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டுப் பார்த்தால், வேறு நிறுவனத்தின் கணினியோடு சேர்த்து விற்கப்பட்ட டிஸ்க் அது, தனி வாடிக்கையாளருக்கு வாரண்டி கிடையாது என்று வருகிறது. அந்தத் திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தன, பதில் வரவில்லை. நேற்று நேரில் போய்க் கேட்டபோது, டீ வாங்கிக் கொடுத்த அதே மனிதர், வேறு வாடிக்கையாளரின் முன்னால், “நம்ம கடையில வாங்கினதுக்கு பில் இருக்கா சார்?” என்று கேட்டார்.

10,900 ரூபாய் போனது ஒரு பக்கம். தரவு மீட்டுத் தரும் இடத்தில் விசாரித்தால், டிஸ்கைத் திறந்து பார்க்க 22,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். ஆறு ஆண்டு உழைப்பில் மாடி வீட்டுப் பையனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் பிழைக்க வைக்க முடிந்தது.

ஏமாறாமல் வாங்குவது எப்படி என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது கை ஓடவில்லை. தோன்றுவதை மட்டும் சொல்லிவிடுகிறேன். உறை பிரிந்திருந்தால் வாங்காதீர்கள். லேபிளில் தேதியைப் பாருங்கள், ஸ்க்ரூ துளைகளை வெளிச்சத்தில் பாருங்கள், பணம் கொடுக்கும் முன் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பாருங்கள். அந்த எண்ணோடு ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். கடையிலேயே மணிக்கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். புதிய டிஸ்கில் அது ஒற்றை இலக்கத்தைத் தாண்டக் கூடாது. 2 டிபிக்கு மேல் என்றால் ஜிபிடி முறையில்தான் தொடங்கச் சொல்லுங்கள். கோப்புகளை நகல் எடுங்கள், ஒருபோதும் நகர்த்தாதீர்கள்.

இன்று காலை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் சொன்னேன். ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை என்பதால் அங்கும் போகலாம் என்றிருக்கிறேன். தொலைபேசியில் பேசிய பெண் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, பில்லின் நகலை அனுப்ப முடியுமா என்று கேட்டார்.