கணிதக் கட்டுரையை எங்கே அனுப்புவது: உள்நாட்டு இதழ், துறை இதழ், கட்டண இதழ்

பினாங்கு யுஎஸ்எம்மிலோ கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்திலோ கணிதத்தில் முனைவர் பட்டம் செய்கிறவரின் கையில் கட்டுரை ஒன்று முடிந்துவிட்டது. பதினெட்டுப் பக்கம், ஒரு முதன்மைத் தேற்றம், நான்கு துணைத்தேற்றங்கள். அடுத்தது எங்கே? நடைமுறையில் மூன்று வழிகள்தாம். ஒன்று, மலேசியக் கணித அறிவியல் கழகத்தின் புல்லட்டின் போன்ற உள்நாட்டு இதழ். இரண்டு, எழுதுபவரிடம் காசு வாங்காத வெளிநாட்டுத் துறை இதழ். மூன்று, கட்டணம் வாங்கிக்கொண்டு சில வாரங்களில் பதில் சொல்லும் ஓப்பன் ஆக்சஸ் (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய) இதழ்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை ஒதுக்கிவிடலாம். உள்நாட்டு இதழ் என்றால் எளிதில் எடுத்துக்கொள்வார்கள் என்று மாணவர்களிடையே பேச்சு உண்டு. புல்லட்டினை வெளியிடுவது ஸ்பிரிங்கர். இதழ்களைப் பட்டியலிட்டு மேற்கோள்களை எண்ணும் வெப் ஆஃப் சயன்ஸ், ஸ்கோபஸ் தரவுத்தளங்கள் இரண்டிலும் அது இருக்கிறது. உலகின் பல மூலைகளிலிருந்தும் கட்டுரை வருகிறது. 11800 என்ற பினாங்கு அஞ்சல் குறியீட்டைப் பார்த்து யாரும் சலுகை காட்டுவதில்லை. செர்டாங் யுபிஎம்மின் கணித ஆய்வுக் கழகம் நடத்தும் மலேசியக் கணித அறிவியல் இதழ் யாரும் இலவசமாகப் படிக்கக்கூடியது, ஸ்கோபஸிலும் உண்டு. உங்கள் பல்கலைக்கழகம் வெப் ஆஃப் சயன்ஸ் தரவரிசையைத்தான் கணக்கில் எடுக்கும் என்றால், அனுப்புவதற்கு முன்பே ஆய்வுப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலம்

துறை இதழில் ஆறு மாதம் சாதாரணம், ஒரு வருடம் ஆனாலும் வியப்பில்லை. மதிப்பீட்டாளர் நிறுவலை வரி வரியாகச் சரிபார்க்க வேண்டும். அதற்கு அவருக்குச் சம்பளமும் கிடையாது. எந்த இதழ் எவ்வளவு தாமதம் என்பதை ஊகிக்கவும் வேண்டாம்: அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் நோட்டிசஸ் இதழ் காத்திருப்புக் காலங்களைப் பட்டியலாகவே போட்டுவந்திருக்கிறது. மூன்று ஆண்டில் முடி என்று ஜிஓடி (குறித்த காலத்தில் பட்டம் முடித்தல்) நெருக்கும் நம் ஊர் மாணவர் முதல் கட்டுரையை இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அனுப்பியாக வேண்டும். வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போது துறை இதழைத் தேடினால், கட்டண இதழ் ஒன்றே மிஞ்சும். பலர் அங்கே போய்ச் சேர்வது விரும்பியல்ல, நாள் தவறியதால்.

காசு

சந்தா முறையில் வெளியாகும் இதழில் எழுதுபவருக்குச் செலவே இல்லை. புல்லட்டின் போன்றவை இரு முறையும் கலந்தவை, சிக்கலும் இங்கேதான். கட்டுரை ஏற்கப்பட்டதும் வரும் இணையப் படிவம் ‘சந்தாவா, ஓப்பன் ஆக்சஸா’ என்று கேட்கும். திறந்ததுதானே நல்லது என்று இரண்டாவதை அழுத்தினால் ஆயிரக்கணக்கான ரிங்கிட்டுக்கு பில் வரும். மானியம் அதைக் கொடுக்குமா என்று தெரிந்துகொள்ளும்வரை அந்தப் பக்கத்தில் கையே வைக்காதீர்கள்.

எழுதுபவரும் கட்ட வேண்டாம், படிப்பவரும் கட்ட வேண்டாம் என்ற வகையும் உண்டு. சேர்வியல்காரர்களுக்கு 1994இல் தொடங்கிய எலக்ட்ரானிக் ஜர்னல் ஆஃப் காம்பினடாரிக்ஸ் நல்ல எடுத்துக்காட்டு. பதிப்புரிமையும் எழுதுபவரிடமே இருக்கும். கட்டணமில்லாதது தரக்குறைவானது என்ற எண்ணம் கணிதத்தில் செல்லாது.

தரவரிசை

கட்டண இதழ்கள் நம்மைக் கவர்வது ‘கியூ1’ (துறையின் முதல் கால்பங்கு இதழ்களில் ஒன்று) என்ற முத்திரையால். இந்த வரிசைக்கு அடிப்படையான தாக்கக் குறியீடு, ஓர் இதழின் முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகள் இந்த ஆண்டு எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்று எண்ணுகிறது. மதிப்பீட்டுக்கே ஒரு வருடம் எடுக்கும் துறையில் அந்த இரண்டு ஆண்டு கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். நல்ல கட்டுரையைப் படித்து, அதன்மேல் ஒன்றை நிறுவி, அதை வெளியிடுவதற்குள் கணக்கு மூடப்பட்டிருக்கும். அதனால் கவனமாக மதிப்பிடும் பழைய இதழ் கியூ2, கியூ3 என்று இறங்கி நிற்க, வேகமாக அச்சிட்டு வேகமாக மேற்கோள் காட்டிக்கொள்ளும் இதழ் மேலே ஏறிவிடுகிறது. அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் மேத்சைநெட் தரவுத்தளம் தரும் மேற்கோள் ஈவு ஐந்து ஆண்டை எடுப்பதால் ஓரளவு நியாயமாக இருக்கும்.

மேற்கோளை ஊதிப் பெருக்கும் வேலை கணிதத்தில் எவ்வளவு முற்றியது என்றால், 2023இல் வெப் ஆஃப் சயன்ஸை நடத்தும் கிளாரிவேட் நிறுவனம் தன் ‘அதிகம் மேற்கோள் காட்டப்பட்டோர்’ பட்டியலிலிருந்து கணிதப் பிரிவையே எடுத்துவிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இதழ்கள் வெப் ஆஃப் சயன்ஸிலிருந்து ஒரே மூச்சில் நீக்கப்பட்டன. பணம் கட்டி, கட்டுரையும் வெளியாகி, பிறகு இதழ் பட்டியலிலிருந்து விழுந்தால் பல்கலைக்கழகத்தில் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

ஆகவே கட்டண இதழ் என்றால் ஒரு சோதனை. 2021 முதல் இலவசமாகத் திறந்திருக்கும் இசட்பிமேத் என்ற கணிதக் கட்டுரைத் தரவுத்தளத்தில் இதழின் பெயரைத் தேடுங்கள். உங்கள் மேற்கோள் பட்டியலில் உள்ளவர்கள் அங்கே எழுதுகிறார்களா என்று பாருங்கள். ஒருவர்கூட இல்லையென்றால் உங்கள் கட்டுரையைப் படிக்க வேண்டியவர்களும் அங்கே இல்லை. எங்கள் தீர்ப்பு: நாள் இருக்கும்வரை துறை இதழ், பல துறையினருக்கும் ஆர்வமூட்டும் முடிவு என்றால் புல்லட்டின், கட்டண இதழ் கடைசியில், இந்தச் சோதனை தேறினால் மட்டும்.

ஆர்க்கைவில் முன்பே போடலாமா?

ஆர்க்கைவ் என்பது இதழில் வருவதற்கு முன்பே கட்டுரையை எவரும் படிக்க வைக்கும் இணையக் களஞ்சியம். அங்கே போடலாம், போட வேண்டும். ஒரு வருடக் காத்திருப்பில் தேற்றம் உங்களுடையது என்பதற்கு தேதியிட்ட சாட்சி அதுவே. முதன்முறை போடுகிறவருக்கு அந்தப் பிரிவில் ஏற்கனவே எழுதியவரின் ஒப்புதல் பெரும்பாலும் தேவைப்படும், சூப்பர்வைசரே தரலாம். திங்கள் முதல் வெள்ளி வரை அமெரிக்கக் கிழக்கு நேரம் பிற்பகல் 2 மணிதான் தினசரிக் கெடு. நமக்கு அது நள்ளிரவு தாண்டி 2 மணி, அங்கே குளிர்காலமென்றால் 3 மணி.

ஆர்க்கைவ் கேட்பது பிடிஎஃப் அல்ல, லேட்டெக் (கணிதத்தை அச்சுக்கோக்கும் மொழி) மூலக்கோப்பு. அதை எவரும் பதிவிறக்கலாம். ‘% இந்த இடம் சரியா, டாக்டரிடம் கேட்கணும்’ என்று நிறுவலின் நடுவில் எழுதி வைத்த குறிப்பும் கூடவே போகும். அச்சில் தெரியாத இந்த % வரிகளை நீக்கிவிட்டு ஏற்றுங்கள். ஏற்றிய பதிப்பு அழியாது. உரிமத்தில் ஆர்க்கைவின் சாதாரண உரிமமே பாதுகாப்பு. பிறகு இதழுக்கு எழுதும் கடிதத்தில் ஆர்க்கைவ் எண்ணைக் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் ஒற்றுமைச் சோதனையில் உங்கள் கட்டுரையே உங்களுக்கு எதிராக நிற்கும்.

கோப்பும் பெயரும்

பெரும்பாலான கணித இதழ்களுக்கு முதல் சமர்ப்பிப்பில் லேட்டெக்கின் பொதுவான ஏஎம்எஸ்ஆர்ட் வடிவம் போதும். இதழின் வார்ப்புருவுக்கு மாற்றுவதை ஏற்கப்பட்ட பிறகு செய்யலாம். எடிட்டோரியல் மேனேஜர் என்ற சமர்ப்பிப்புத் தளம் வழியாக அனுப்பினால் படங்களைத் துணைக்கோப்புறையில் வைக்காதீர்கள். ஓவர்லீஃப் என்ற இணைய லேட்டெக் கருவியில் ஒழுங்காக ஓடிய கோப்பு அங்கே படமில்லாமல் விழும். சுருக்கத்தில் [7] போன்ற மேற்கோள் எண்ணும் சொந்தக் கட்டளைகளும் கூடாது. படிவத்தில் அவை குப்பையாகத் தெரியும். கணிதத் துறைப் பகுப்பான எம்எஸ்சி 2020 எண்ணைப் பொதுவாகப் போடாமல் குறிப்பாகப் போடுங்கள்: விண்மீனுருச் சார்புகளுக்கு 30சி45. இதழாசிரியர் மதிப்பீட்டாளரைத் தேடும்போது முதலில் பார்ப்பது அதைத்தான்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கு தனித் தொல்லை. மைகார்டு அடையாள அட்டையில் ‘கவிதா ஏ/பி முருகன்’ என்றிருக்கும் (ஏ/பி என்றால் மகள், ஏ/எல் என்றால் மகன்). ரோமன் எழுத்தில் அந்த ‘ஏ/பி’யைச் சிறிய எழுத்தில் அப்படியே கொடுத்தால் மேற்கோள் பட்டியலைத் தயாரிக்கும் பிப்டெக் அதை ஜெர்மன் பெயரில் வரும் ‘ஃபோன்’ (von) போல எடுத்துக்கொண்டு, எம் எழுத்தில் வர வேண்டியவரை ஏ எழுத்தின் கீழ் வரிசைப்படுத்தும். ஒரு கட்டுரையில் கவிதா முருகன், அடுத்ததில் எம். கவிதா என்றால் ஸ்கோபஸில் இரண்டு ஆட்கள் ஆகிவிடுவீர்கள். ஏ/பி, ஏ/எல் இரண்டையும் விட்டுவிட்டு முதல் கட்டுரையிலேயே ஒரு வடிவத்தை முடிவு செய்து, ஆய்வாளர் அடையாளமான ஆர்கிட் எண்ணோடு கட்டிவையுங்கள். உயர்கல்வி அமைச்சின் எஃப்ஆர்ஜிஎஸ் ஆய்வு மானியம் என்றால் அதன் குறியீட்டை நன்றியுரையில் முழுமையாக எழுதுங்கள். ஓர் எழுத்து விட்டுப்போனாலும் கணக்கு காட்டும்போது இழுபறிதான்.

ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பக் கூடாது. நிராகரிப்பு வந்தால் மதிப்பீட்டாளர் சுட்டிய பிழையைத் திருத்தாமல் அடுத்த இதழுக்குத் தள்ளிவிடவும் கூடாது: வடிவியல் சார்புக் கோட்பாடு போன்ற சிறிய வட்டத்தில் இரண்டாவது இதழின் ஆசிரியரும் பெரும்பாலும் அதே மதிப்பீட்டாளரைத்தான் கேட்பார்.